“சும்மா” இருப்பவர்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற குடும்ப நல அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

 

‘பெண்ணியமும் தாய்மையும்’ என்னும் தலைப்பு நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இத்தலைப்பில் பேசுவது எளிது. மேற்குலகின் குடும்பச் சீரழிவை அரைமணி நேரம் கடிந்துரைத்தால் போதும், அவையோர் தலையசைப்பார்கள், துஆவுடன் கலைந்து உணவுக்குச் செல்வோம். நாமும் அவ்வாறுதான் குறிப்புகள் தயாரித்தோம். ஆனால் அவற்றை எழுதிய அதே வாரத்தில் நமது கைக்கு வேறொன்று வந்து சேர்ந்தது. இன்றைய பேச்சு அதிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

ஜகாத் விநியோகத்திற்காக நமது தலைக்கட்டுப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. அதில் ‘தொழில்’ என்றொரு பத்தி உண்டு. ஆண்களின் பெயருக்கு நேரே வியாபாரம், ஓட்டுநர், ஆசிரியர், ‘வெளிநாடு’ என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. (வெளிநாடு எப்போது ஒரு தொழிலாயிற்று என்று தெரியவில்லை. நமது கடலோர ஊர்களில் அது ஒரு தொழில்தான் போலும்.) பெண்களின் பெயருக்கு நேரே பெரும்பாலும் ஒரு கோடு. சில இடங்களில் ‘இல்லை’. இரண்டு மூன்று இடங்களில், நமது சொந்தக் கையெழுத்திலேயே, ‘சும்மா’ என்றிருந்தது. பதிவெழுதச் சென்றபோது அச்சகோதரிகள் அப்படித்தான் கூறினார்கள். நாமும் அப்படியே எழுதிவிட்டோம். “வீட்டுல சும்மாதான் இருக்கேன் காக்கா” என்று கூறியவரின் இடுப்பில் ஒரு குழந்தையும், அடுப்பில் உலையும், உள்ளறையில் படுத்த படுக்கையாய் மாமியாரும் இருந்ததை நாம் கண்ணால் கண்டோம். கண்டும் எழுதினோம்.

நாம் மட்டுமன்று, அரசின் ஏடுகளும் அப்படித்தான் எழுதி வந்தன. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுப் பணியில் ஈடுபட்டுள்ள பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் சேர்த்து, தொழில் செய்யாதோர் வரிசையில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வன்மையாகக் கண்டித்தது. விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவருக்கு இழப்பீடு எவ்வளவு என்பதே அவ்வழக்கு. அதே நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு மற்றொரு தீர்ப்பில் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டுப் பணியே தமது முதன்மையான பணி என்று கூறிய பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். ஆண்கள் 58 இலட்சத்திற்கும் குறைவு. இந்த 16 கோடிப் பேரும் சும்மா இருந்திருந்தால் இந்நாட்டில் எந்த ஆடவனும் மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டிருக்க முடியாது.

இனி, நாம் கூறத் தயங்கும் ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறோம். பெயரோ தெருவோ வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குடும்ப வழக்கு நமது குழுவின் முன் வந்தது. கணவர் பத்தொன்பது ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தவர். முதன்முதலில் அவர் விசா வாங்கியது மனைவியின் இருபத்திரண்டு பவுன் நகையை விற்று. அவர் அனுப்பிய பணத்தில் இங்கே வீடு எழும்பியது. மனை வாங்க அலைந்தவர், கொத்தனாருக்குக் கூலி அளந்தவர், அதிகாலையில் எழுந்து புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவர் அந்த அம்மையார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும், மாமனார் மாமியார் இருவரையும் கடைசிவரை பேணி அடக்கம் செய்வித்ததும் அவரே. பின்னர் மனம் ஒவ்வாது மணவிலக்கு வரை சென்றது. அதன் காரணங்கள் இங்கு வேண்டியதில்லை.

நாங்கள் ஐவர் அமர்ந்தோம். மஹர் பாக்கியைக் கொடுக்கச் செய்தோம். இத்தா காலச் செலவு, பிள்ளைகளின் செலவு ஆகியவற்றைத் தீர்மானித்தோம். வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில் இருந்தது; அதைப் பற்றி எவரும் பேசவில்லை. அம்மையார் நகையைப் பற்றிக் கேட்டார். கணவர், “வாங்கினேன், இல்லையென்று சொல்லவில்லை, பத்தொன்பது வருடம் சோறு போட்டதில் அது கழிந்துவிட்டது” என்றார். நாங்கள் அம்மையாரைப் பார்த்து, “எழுத்து ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டோம். இல்லை. அத்துடன் அப்பொருளை முடித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றோம்.

எழுந்து போகும்போது அவர் கூறினார்: “எழுத்து கேக்குறீங்க காக்கா. நகையைக் கழத்திக் கொடுத்தப்ப அவங்க என் மாப்பிள்ளை, நான் அவங்க பொண்டாட்டி. அதுக்கு யாரு பத்திரம் எழுதுவா?”

ஓராண்டு கழித்து, வேறொரு வழக்கிற்காக மார்க்க அறிஞர் ஒருவரிடம் சென்றபோது, இதனையும் பேச்சோடு பேச்சாகக் கூறினோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். “மனைவிக்கு உணவளிப்பது கணவனின் கடமையா, கடனா? கடமையைச் செய்ததற்காகப் பிறர் பொருளைக் கழித்துக்கொள்ள முடியுமா? வாங்கியவரே வாங்கினேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் ஏன் எழுத்துக் கேட்டீர்கள்?” வாதிப்பவர் சான்று கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நீதியின் முறை. இங்கு மறுப்பே இருக்கவில்லை. இருபத்திரண்டு பவுன் பற்றி ஐந்து ஆண்கள் அமர்ந்து செய்த தவறு அது. அந்த ஐவரில் நாமும் ஒருவர்.

அந்தச் சகோதரியைச் சும்மா இருந்தவர் என்றே எங்கள் மனம் கணக்கிட்டிருந்தது. பணம் ஈட்டியவர் அவர். இவர் அதைச் செலவிட்டவர் என்பதே அந்தக் கணக்கு. இந்த அளவுகோல் நமது மார்க்கம் தந்ததன்று. நாம் கடிந்துகொள்ளும் அதே மேற்குலகச் சந்தை தந்த அளவுகோல் இது. பெண்ணியம் பற்றி நாம் கூற விரும்புவது இவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

பெண்ணியம் என்று கூறப்படுவது ஒரே குரலன்று. திருமணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களை நாம் குறை கூற இயலாது. பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்றதில் பெண்களுக்குப் பங்குண்டு என்று திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஏழாம் நூற்றாண்டிலேயே அறிவித்துவிட்டது என்பதை மேடைதோறும் கூறி மகிழ்கிறோம். இங்கு கூடியுள்ள ஆண்களில் எத்தனை பேர் தம் சகோதரியின் பங்கை அளந்து கொடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறோம் என்று கையுயர்த்தச் சொன்னால் இந்த அவை தர்மசங்கடத்திற்கு உள்ளாகும். ஆகவே கேட்கவில்லை.

நமக்கு மாறுபாடு வருவது அதற்குப் பிந்திய திருப்பத்தில். சிமோன் தெ பொவார் 1949இல் பிரான்சில் எழுதிய நூலும், பெட்டி ஃபிரீடன் 1963இல் அமெரிக்காவில் எழுதிய நூலும் உலகெங்கும் பேசப்பட்டவை. வீட்டோடு அடைபட்ட பெண்ணின் மனச்சோர்வை ஃபிரீடன் எழுதியதில் உண்மை இல்லாமலில்லை. அவர் மூன்று பிள்ளைகளின் தாய், அறிந்தே எழுதினார். ஆனால் அவ்வழியே கிளைத்த சிந்தனை, சம்பளம் தரும் வேலையே மனிதரை மனிதராக்குவது, தாய்மை அதற்குக் குறுக்கே நிற்கும் தளை என்ற முடிவுக்கு மெல்ல மெல்லச் சென்று சேர்ந்தது. ஃபிரீடனே 1981இல் மற்றொரு நூல் எழுதி, குடும்பத்தைப் புறந்தள்ளி இவ்வியக்கம் முன்செல்ல இயலாது என்று வாதிட்டார். செல்மா ஜேம்ஸ் போன்றோர் 1972இல் வீட்டு வேலைக்கு ஊதியம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். வீட்டில் நடப்பதும் உழைப்புத்தான் என்று அவர்கள் கண்டுகொண்டதை நாம் பாராட்டுகிறோம். எனினும் அவர்களும் அதே தராசில்தான் நிறுத்தார்கள்; பணமாக மாற்றினால்தான் மதிப்பு என்றார்கள்.

பணம் ஈட்டுவதே மதிப்பு என்று அந்தப் பெண்ணியம் கூறுகிறது. பணம் ஈட்டாதவள் சும்மா இருப்பவள் என்று நமது வீட்டு ஆண் கூறுகிறான். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? முன்னது பெண்ணை வெளியே அழைக்கிறது. பின்னது உள்ளேயே வைத்து இழிவு செய்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று படித்த நமது பெண்மக்களிடம் கூறினால் அவர்கள் முன்னதைத் தேர்வதில் வியப்பென்ன இருக்கிறது?

மார்க்கம் தாய்மையை எவ்வாறு கண்டது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டுதலைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு ஆண்டுகள் என்று காலவரை கூறி, பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று விதித்து, முன்னதாகவே பால் மறக்கச் செய்வதானால் இருவரும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்ய வேண்டும் என்கிறது. ஒரு குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே மனைவியின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும் என்றால், வீடு விற்பதற்கு, பிள்ளையைப் பள்ளி மாற்றுவதற்கு, மகளின் திருமணம் பேசுவதற்கு வேண்டாமா? அறுபத்தைந்தாம் அத்தியாயம் மணவிலக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிடுமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இன்னும் நுட்பமாகச் செல்கின்றன. குழந்தைக்குச் சீம்பால் புகட்டுவது தாய்மீது கடமை; அதற்கப்பால் பாலூட்ட வேறு ஒருவர் கிடைப்பாராயின் தாயைக் கட்டாயப்படுத்த இயலாது. சமைப்பது, துவைப்பது முதலிய வீட்டுப் பணிகளும் திருமண ஒப்பந்தத்தின் வாயிலாக மனைவிமீது சுமத்தப்பட்டவை அல்ல என்பதே அம்மத்ஹபின் நிலை. அப்படியாயின் நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது என்ன? கொடை. கொடையை வாங்குகிறவன் நன்றியுடன் அல்லவா வாங்க வேண்டும்!

ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகை சுற்றிக் கை காய்த்துப்போய், பணியாள் ஒருவர் வேண்டித் தம் தந்தையாரிடம் சென்ற செய்தி நாமறிந்ததே. நபியவர்கள் பணியாளைத் தரவில்லை. உறங்கப் போகும்போது ஓதும் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்தார்கள். அதை மட்டும் நம் பெண்களிடம் கூறுவோர், வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது ஆயிஷா (ரலி) அவர்கள் அளித்த விடையைக் கூற மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்பதே அந்த விடை. தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபியவர்கள், பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் ஒலி கேட்டதும், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று புகாரியில் காண்கிறோம். நமது பள்ளியில் குழந்தை அழுதால் எத்தனை தலைகள் கோபத்துடன் திரும்புகின்றன என்பதை நாம் அறிவோம்.

2024ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டறிந்தார்கள். அந்த 88 நிமிடமும் நமது ஊரில் உண்டா என்பது ஐயமே.

குடும்பத்தின் பொறுப்புகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்று நாம் கருதவில்லை. குழந்தையின் தொடக்க ஆண்டுகளில் தாயின் அருகிருப்பிற்கு ஈடு வேறில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஷாஃபிஈ இமாம் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர்கள். வறுமையிலும் அவர்களின் தாயார் மகனை மக்காவுக்கு அழைத்துச் சென்று கல்வியில் சேர்த்தார்கள். இமாம் அஹ்மத் அவர்களையும், இமாம் புகாரி அவர்களையும் வளர்த்தவர்கள் தந்தையற்ற வீட்டின் தாய்மார்களே. இந்த மூவரின் நூல்கள் இன்றி நமது மதரஸாக்களில் ஒரு நாள் பாடம் நடக்காது.

ஆயினும் இதனைக் காட்டி, எல்லாப் பெண்களும் வீட்டிலிருங்கள் என்று கூற நமக்கு வாயில்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற தாய்மாரும், ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தாய்மாரும் பெண்ணிய நூல் படித்துவிட்டா செல்கிறார்கள்? அடுப்பெரிய வேண்டும் என்று செல்கிறார்கள். பொறுப்பேற்க வேண்டிய ஆண் பொறுப்பேற்காத வீட்டில், குடும்ப அமைப்பைக் குலைத்தவன் அவன்தான். கதீஜா (ரலி) அவர்கள் வணிகர். நாகூரில் மூன்றாம் வகுப்புவரை மட்டுமே படித்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் நாவல் வெளியிட்டார். மருத்துவராகவும் ஆசிரியராகவும் நம் பெண்கள் தேவைப்படுகிறார்கள்; பிரசவ அறையில் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கிற நாமே மகளை மருத்துவம் படிக்க வைக்கத் தயங்கினால் அது எவ்வகை நியாயம்? பேறுகால விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே சந்தை நுழையாதபடி தடுக்கும் இச்சட்டத்தை நம்மைப் போன்ற பழைமைவாதிகளே முதலில் வரவேற்றிருக்க வேண்டும்.

தந்தைமார் பற்றியும் ஒரு சொல். தாயின் அருகிருப்பை வலியுறுத்துகிற நாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் வந்து போகும் தந்தையை இயல்பென்று எடுத்துக்கொண்டுவிட்டோம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலும், இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களிலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வரச்செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கடலோடிப் பிழைத்த சமூகம், ஆண் இல்லாத காலத்தில் பெண் தன் தாயின் நிழலில் இருக்கட்டும் என்று கண்ட ஏற்பாடு போலும். அதன் சுமை இன்று பெண்ணைப் பெற்றவர் தலையில் கைக்கூலியுடன் சேர்ந்து விழுவது வேறு செய்தி. கைக்கூலி பற்றிச் சென்ற ஆண்டே பேசியாயிற்று.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சவூதி அரேபியாவில் பணியாற்றிய ஒருவர் வாங்கிய சொத்தில், இங்கிருந்து குடும்பத்தைப் பேணிய மனைவிக்கும் சமபங்கு உண்டு. விடுமுறையின்றி அவர் உழைத்ததால்தான் கணவர் கவலையின்றிப் பொருளீட்ட முடிந்தது என்பது அதன் சாரம். அது மாற்றுமதக் குடும்பம் ஒன்றின் வழக்கு. நமது ஷரீஅத்தில் கணவன் சொத்து வேறு, மனைவி சொத்து வேறு. திருமணத்தால் அவை ஒன்றாவதில்லை. இது பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று கூறுகிறோம். உண்மைதான். ஆனால் எது யாருடையது என்று எழுதி வைத்தால் மட்டுமே அது பாதுகாப்பு. எழுதாவிடில் வேறாக இருக்கும் சொத்து முழுவதும் ஆணுடையதாகவே போய்ச் சேர்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் நோன்பு பற்றியதோ ஹஜ் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அறிவுறுத்துவது. கணவன் மனைவிக்கு அதில் விலக்கு ஏதும் கூறப்படவில்லை.

ஆகவே நிர்வாகக் குழு இரண்டு முடிவுகளை எடுத்துள்ளது. தலைக்கட்டுப் பதிவேட்டில் பெண்களின் தொழில் பத்தியில் இனிக் கோடு இராது. இல்லப் பராமரிப்பு, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பேணுதல், பீடி, தையல், ஆசிரியப் பணி என எது உண்மையோ அது எழுதப்படும். அடுத்ததாக, நிக்காஹ் தஃப்தருடன் ஒரு துணைப் பதிவேடு வைக்கப்படுகிறது. மணமகளின் நகை எத்தனை பவுன் என்பது நிக்காஹ் அன்றே அதில் ஏறும். பின்னர் விசாவுக்கோ, கடைக்கோ, வீடு கட்டவோ அந்நகை எடுக்கப்பட்டால், நாள், எடை, அன்பளிப்பா கடனா என்ற விவரம், இருவர் கையொப்பம், சாட்சிகள் ஆகியன பதிவாகும். இது நம்பிக்கையின்மை ஆகாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். தம் கடை வாடகை ஒப்பந்தத்தைத் தம் சொந்த மாமாவுடன் அவர் எழுதி வைத்திருப்பதை நினைவூட்டினோம்.

அந்தச் சகோதரியின் முன்னாள் கணவர் மீண்டும் அயல்நாடு சென்றுவிட்டார். தொலைபேசியில் மூன்று முறை பேசியிருக்கிறோம். மார்க்க அறிஞரின் விளக்கத்தையும் அனுப்பினோம். இதுவரை ஏழு பவுனுக்குரிய தொகை வந்து சேர்ந்துள்ளது. தாய்மார்கள் வெள்ளிதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் கீழ்த்தளத்திற்கு வரலாம். பதிவெழுத இரண்டு ஆசிரியைகள் அமர்ந்திருப்பார்கள். பதிவேடு சென்ற வாரமே திறக்கப்பட்டுவிட்டது. அதன் முதல் பக்கத்தில், வரவேண்டியது பதினைந்து பவுன் என்று அச்சகோதரியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. சாட்சிகளாக நாங்கள் ஐவரும் கையொப்பமிட்டிருக்கிறோம்.